அரக்கன் குரலுக்குத் தொண்டையைப் பலி கொடுக்காதீர்கள்

புதுச்சேரியில் குரல் பயிற்சி சிகிச்சை தருகிறேன். கடலூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். குழந்தைகளுக்கான ராமாயண அனிமேஷனில் கும்பகர்ணனுக்கும் இன்னும் சில அரக்கர்களுக்கும் டப்பிங் பேசியவர். போர்க்கள அலறல் முழுவதையும் ஒரே நாளில் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் குரல் கம்மிவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலிலேயே ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தபோது, இரண்டு குரல் நாண்களிலும் காய்ப்பு.

ஆண் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போதே குரல் நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறை மோதிக்கொள்கின்றன. பெண்களுக்குச் சுமார் 200 முறை. கத்தினால் எண்ணிக்கையும் கூடும், அடியின் வேகமும் கூடும்.

"எங்க ஊர்க் கூத்துல துரியோதனன் விடிய விடியப் பாடுறாரே, மேடம்?" என்று கேட்டார். கூத்துக்காரர்களுக்கும் தொண்டை போகிறது, அவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்பாட்டு உண்டு, கட்டியங்காரன் பேசும் நேரம் உண்டு. டப்பிங் அறையில் அதே அலறலைப் பத்து டேக் கேட்பார்கள்.

மைக் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1990களில் வந்த இந்திய–ஜப்பானிய ராமாயண அனிமேஷனில், இந்தியில் ராவணனுக்குப் பேசியவர் அம்ரீஷ் புரி. அவர் குரலை நினைத்துப் பாருங்கள். மிரட்டல் கனத்தில் இருக்கிறது, சத்தத்தில் இல்லை. அதற்காக, இல்லாத அடிக்குரலை அழுத்தி வரவழைப்பதும் தப்புதான்.

அலறல் காட்சிகளைக் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், இது உங்கள் பிழைப்பு. குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பதும் அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் கூடாது. கத்தும்போதே குரல் சட்டென்று போனால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கம்மல் 3 வாரம் தாண்டினாலும், யாராக இருந்தாலும், ஒருமுறை கேமராவில் பார்த்துவிட வேண்டும்.

சரி, தம்பிக்கு முதலில் கொடுத்த பயிற்சி கொட்டாவி. நன்றாக வாய் திறந்து கொட்டாவி விட்டு, அந்த மூச்சிலேயே "ஆ" என்று இறங்கினால் இறுகிய தொண்டை தளரும். போன வாரம் கும்பகர்ணன் தூங்கி எழும் வசனத்தை அப்படியே பேசிக் காட்டினார். கம்மல் இல்லாமல் வந்தது.