இரண்டாவது ரெய்டுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான். அதற்குள் எதிரணியைத் தொட்டு, மேலே விழுந்து பிடிப்பவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தாக வேண்டும். முதல் ரெய்டில் பலசாலிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வித்தியாசம் தெரிவது ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில்.

திமிறிப் பாயும் அந்த நொடிகளில் தசை பெரும்பாலும் கையிருப்பை வைத்தே சமாளிக்கிறது. தசை நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி. இருக்கிற ஏடிபி இரண்டு மூன்று வினாடிக்குத்தான் காணும். அது தீரத் தீர ஈடுகட்டுவது தசையில் சேமித்திருக்கும் இன்னொரு பொருளான கிரியேட்டின் பாஸ்பேட். முழு மூச்சாக இயங்கினால் அதுவும் பத்து வினாடிக்குள் பெருமளவு கரைந்துவிடும். கூடவே குளுக்கோஸ் வேகமாக உடைவதால் லாக்டேட் சேரும், தசையில் அமிலத்தன்மை ஏறும்.

சரி, கரைந்தது எப்படித் திரும்ப நிரம்புகிறது? அதற்கு வேண்டிய ஏடிபி, ஆக்சிஜனை வைத்து மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் கூடங்கள், தயாரிப்பது. ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. கடும் பயிற்சி முடிந்த கையோடு காலில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுத்தால், கிரியேட்டின் பாஸ்பேட் ஏறாமல் குறைந்த அளவிலேயே நிற்கிறது. பட்டையைத் தளர்த்தியதும் ஏறத் தொடங்குகிறது. பாய்வதற்கு ஆக்சிஜன் அவ்வளவாகத் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் மீள்வதற்கு அது இல்லாமல் ஆகாது. வழக்கமாகப் பாதி நிரம்ப அரை நிமிடம் போல ஆகும், ஏறக்குறைய முழுதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். அமிலத்தன்மை கூடியிருந்தால் இன்னும் தாமதம்.

தொடர்ந்து ஓடிப் பழகியவர்களுக்கு இந்த நேரம் குறைகிறது. பயிற்சி தந்த எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பானதை 1967இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஜான் ஹோலோஸி காட்டினார். தசை இழைகளைச் சுற்றி ரத்த நுண்குழாய்களும் பெருகுவதால் ஆக்சிஜன் சீக்கிரம் போய்ச் சேருகிறது. ஆனால் விஓ2 மேக்ஸ், அதாவது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு, என்ற எண்ணை மட்டும் வைத்து வீரரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எண்ணைப் பெரிதும் தீர்மானிப்பது இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன். கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதோ அந்தந்தத் தசையின் உள்விவகாரம். அதனால் எண் ஒன்றாக இருந்தும் மீளும் வேகம் வேறுபடலாம்.

லாக்டேட்டைக் கழிவு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்மையில் இதயமும் மெதுவான தசை இழைகளும் அதை எரிபொருளாக்கிக்கொள்கின்றன. உட்கார்ந்துவிடாமல் மெல்ல நடந்தால், மெதுவாக ஓடினால், அது இன்னும் சீக்கிரம் குறையும். எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஆகவே மறுநாள் படியிறங்கும்போது தொடை வலித்தால் பழியை லாக்டேட் மேல் போடாதீர்கள். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைகளில், அதாவது குதித்து இறங்குவது, சட்டென நிற்பது போன்றவற்றில், இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே அந்த வலிக்குக் காரணம். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அது உச்சத்தைத் தொடும். மைதானத்தை எத்தனை சுற்று ஓடினாலும் இதற்கு அவ்வளவாகப் பாதுகாப்பு கிடைக்காது. அதே வகை வேலையை முன்பே கொஞ்சம் செய்து பழகிய தசைதான் அடுத்த முறை குறைவாக வலிக்கும். அதனால் போட்டிக்குச் சில வாரம் முன்பே, ஓட்டத்தோடு குதித்து இறங்கும் பயிற்சியையும் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும்.