மணிக்கட்டுப் பட்டையை நறுக்கிய பிறகு

கலிஃபோர்னியாவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் மலைப்பாதை ஓட்டத்தில் பாதியில் விலகுகிறவர், வழியில் உணவும் தண்ணீரும் தரும் எய்டு ஸ்டேஷனின் பொறுப்பாளரிடம் கையை நீட்ட வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுவார்கள். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘டிஎன்எஃப்’ என்று ஏறும்: முடிக்கவில்லை.

அந்தப் பட்டை கைக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று பார்க்க வேண்டும். இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். முதல் ஆண்டு ஒரு சீட்டு. கிடைக்காமல் மறுபடி பெயர் கொடுத்தால் 2, பிறகு 4, 8, 16, 32. ஒவ்வோர் ஆண்டும் தகுதி ஓட்டம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். ஆறேழு வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. ஓட்டமோ 161 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கம் 7,000 மீட்டர், கெடு 30 மணி நேரம். இத்தனையும் தாண்டி பாதியில் கையை நீட்டுகிறவரிடம் ‘விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்றால் அது அவர் காதில் ஏறாது.

ஆலோசனைக்கு வருகிற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பேசும்போது நாங்கள் முதலில் கவனிப்பது வினைச்சொல் எங்கே பெயர்ச்சொல்லாக மாறுகிறது என்பதைத்தான். ‘இந்த ஓட்டத்தை முடிக்கவில்லை’ என்பது நடந்த ஒரு நிகழ்ச்சி. ‘நான் எதையுமே முடிக்காதவன்’ என்பது தன்னைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பல நேரம் ஒரே இரவில் போய்விடுகிறார்கள். ஒரே தூணில் நிற்கிற கூரை அப்படித்தான் இறங்கும்.

கெடு எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு 2015-ஆம் ஆண்டு ஓட்டமே சாட்சி. 70 வயது குன்ஹில்ட் ஸ்வான்சன் 29 மணி 59 நிமிடம் 54 விநாடியில் கோட்டைத் தொட்டார். மிச்சம் 6 விநாடி. வழியில் ஒரு தடவை ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருந்தால் அவர் பெயர் முடித்தவர்கள் பட்டியலில் இருந்திருக்காது. ஓடிய உடம்பும், கடந்த பள்ளத்தாக்குகளும், பட்ட பாடும் அதேதான். தோற்றதாக நினைக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டுவது வீண்போவதில்லை.

அன்று கடைசி மைலில் அவருடன் ஓடிய ராப் க்ரார், அந்த ஆண்டும் அதற்கு முந்தின ஆண்டும் முதலிடம் பிடித்தவர். தனக்கு மனச்சோர்வு நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே. இதே ஓட்டத்தை மூன்று முறை வென்ற நிக்கி கிம்பலும் தன் மனச்சோர்வைப் பற்றிப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். ‘ஒரு தடவை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம்பி வருகிறவர்களுக்கு இது முக்கியம். முடித்தவர்களுக்கும், அதற்குப் பரிசாகத் தரும் பெல்ட் பக்கிள் கையில் இருக்கும்போதே மனம் வெறுமையாகும். பல மாதங்கள் நாளைத் தாங்கிப் பிடித்த பயிற்சி அட்டவணை ஒரே நாளில் காணாமல் போவதும், 30 மணி நேரத் தூக்க இழப்பும், தசை வீக்கமும் சேர்ந்து அதைச் செய்கின்றன.

அதனால் முதல் மூன்று நாள் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவது, ஓட்டத்தையே விட்டுவிடுவதாக அறிவிப்பது, ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் கணக்கை அழிப்பது எல்லாமே முடிவுகள்தான். இரண்டு இரவு முழுத் தூக்கம், வேளாவேளைக்குச் சோறு. தூங்குவதற்காக மது வேண்டாம். தூக்கத்தை அது துண்டு துண்டாக்கிவிடும். ஓடிய இரவில் மரக்கட்டை மனிதராகத் தெரிந்திருந்தால் பயப்படத் தேவையில்லை, தூக்கமின்மையில் அது நடப்பதுதான். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் தொடர்ந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாதாரணச் சோர்வு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடந்தால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நிரப்பிப் பாருங்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போவதே மேல் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது விழுந்தாலும் மொத்தக் கூட்டலைப் பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது பேசியாக வேண்டும். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவில் 988.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மனச்சோர்வு என்று வருகிறவருக்கு உண்மையில் சாப்பாடு போதாமலிருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கலாக 50 கிலோ. அன்று 20 கிலோமீட்டர் ஓடினால் கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு 1 கலோரி கணக்கில் 1,200 கலோரி போய்விடும். மலையேற்றத்தில் இன்னும் கூடும். அவர் சாப்பிட்டது 2,500 என்றால் மீதி 1,300. அதை 50-ஆல் வகுத்தால் 26. இந்த எண் 45 அளவில் இருப்பது நல்லது. 30-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் ஹார்மோன்கள் சரியும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும், எலும்பில் விரிசல் விழும். பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால் ‘பயிற்சி கடுமை, அதான்’ என்று விடக் கூடாது.

எனவே ரத்தப் பரிசோதனையும் தேவை: முழு ரத்த எண்ணிக்கை, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஓடுகிறவருக்கு அது குறைவுதான். ஓடி முடித்த கையோடு ரத்தம் கொடுத்தால் வீக்கத்தால் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டி ஏமாற்றும். இரண்டு வாரம் போகட்டும்.

காயம் பட்டு ஓட முடியாத வாரங்கள் தனிச் சிக்கல். கவலையை ஓடியே கரைத்துப் பழகியவருக்கு வேறு மருந்து கைவசம் இருக்காது. விரிசல் விட்ட எலும்போடும் ‘மெதுவாகத்தானே’ என்று கிளம்புவார். வீட்டு விசேஷத்தைத் தவிர்ப்பார். ஒருநாள் விட்டால் குற்றவுணர்வில் தவிப்பார். இதற்கான வேலையை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரம் இல்லாத ஒரு காரியம், ஓடாதவர்களோடு. தூரம், வேகம், தரவரிசை எதுவும் அதில் ஒட்டக் கூடாது.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஓட்டக்காரர் வட்டத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஆபத்தானது. போட்டிக்காக மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளோடு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். அளவு மீறித் தண்ணீர் குடித்தால் சோடியம் இறங்கும் ஆபத்தும் கூடும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு நீரிழப்பாலும் ஐபுப்ரோஃபெனாலும் ரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். போட்டிக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். போட்டி மருத்துவக் குழுவுக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஓடுகிறவருக்கு வழியில் உதவ வரும் க்ரூவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பட்டை நறுக்கிய அந்த நாற்காலியின் பக்கத்தில் ‘இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு’ என்பதும் ‘உடம்புக்கு என்ன, நல்லாத்தானே இருந்தே’ என்பதும் ஒரே மாதிரி குத்தும். போர்வையைப் போர்த்துங்கள், ஈர சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், சூப்பைக் கையில் கொடுங்கள். ‘என்னப்பா வேணும், இங்கேயே கொஞ்சம் இருக்கலாமா, வண்டிக்குப் போகலாமா?’ அதற்கு மேல் அன்று கேட்க வேண்டாம். நான்காம் நாள் ஒரு ஃபோன். அப்போதும் பாதையின் எந்தப் பகுதியை எவ்வளவு நேரத்தில் கடந்தார் என்பதைப் பற்றிப் பேச்செடுக்காமல், இரவு தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.