இன்ஜினைக் கழற்றும் முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

"புகை தள்ளுது, ஏற்றத்தில் இழுக்கல. வேற இன்ஜின் வைத்துவிடலாமா?" பழைய லாரியோடு பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஐடிலிங்கில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பேன். லேசாக ஆவி வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று புகை வந்து, ஆயில் ஊற்றும் துளை மேல் தளர்வாக வைத்த மூடி துள்ளினால் அது பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது. பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உள்உறையான லைனரும் தேய்ந்திருக்கும். அதோடும் முடிவு கட்டாமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுக் கம்ப்ரஷனைக் குறித்துக்கொள்வேன். ஒருமுறை ஒருவர் மாற்று இன்ஜினைப் பேசி முடித்துவிட்டு வந்தார். ஆறு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. கோளாறு டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரில்! அதன் முனைகளில், அதாவது நாசில்களில், இரண்டு டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டன. கரும்புகை அதனால்தான் வந்தது. நீலப்புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று வேறு வழியில் தேடியிருப்பேன்.

தேய்ந்திருந்தாலும் சரி, லைனர் உள்ள டீசல் இன்ஜினை எளிதில் கைவிடாதீர்கள். லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்றினால் சிலிண்டரின் உள்துளை மறுபடி புதுசுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை 0.25 மி.மீ. படிகளாகக் கிரைண்டிங் செய்து, மெலிந்த தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். இன்ஜின் பிளாக்கில், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் பக்கம் விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்க் கடைசி அளவையும் தாண்டிவிட்டாலோ, உதிரி பாகமே கிடைக்காவிட்டாலோ மாற்றச் சொல்வேன்.

மாற்றுவது என்று முடிவானால், "மவுண்ட்டில் (இன்ஜினைத் தாங்கும் இடத்தில்) உட்கார்ந்துவிட்டது" என்று யாராவது சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்த ஒரு சின்ன லாரி என்னிடம் வந்தது. வேறு பட்டறை வேலை. பிரேக் பெடலை மிதித்தேன், கல் மாதிரி இருந்தது. பெடலுக்கு உதவும் பூஸ்டருக்கு வேக்கமே (உறிஞ்சும் வெற்றிடமே) இல்லை. பெட்ரோல் இன்ஜின், காற்று உள்ளே போகும் தன் மேனிஃபோல்டிலிருந்தே வேக்கம் கொடுக்கும். டீசலுக்குத் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும், அதைப் பொருத்தவே இல்லை. அந்த வண்டியை ஓட்டி வந்தவரின் கால் வலியை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. அப்படியே பாரம் ஏற்றியிருந்தால்?

டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுழற்சியில்) ஓடுவது. பின் அச்சில் பழைய கிரவுன் பல்சக்கரத்தையே விட்டால் வண்டி வேகம் எடுக்காது. எடை கூடினால் முன் ஸ்பிரிங் பட்டையும் தாழும். அப்புறம் ரேடியேட்டர் போதுமா, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் சரியா என்றும் பார்க்க வேண்டும். பதிவுப் பத்திரத்தில் இன்ஜின் எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட அவசரப்படாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, ஓட்டைகளையெல்லாம் அடைத்து, மழை படாத இடத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போது, முதல் இன்ஜினும் இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பார்.