பூட்டு இரண்டாம் கட்டில் இருக்கிறது

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீட்டில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தால் இலையில் கவுனி அரிசி விழும். இரவே ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுவந்த அரிசி என்பார்கள். விரலில் அது ஒட்டுவதற்குக் காரணம் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து, அதாவது கிளைகிளையாகப் பிரிந்த குளுக்கோஸ் சங்கிலி. நம் நொதிகள் அதைச் சுலபமாக வெட்டிவிடும்.

நம் ரத்தம் முழுவதிலும் சாதாரணமாகக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். ஒரு கரண்டி கவுனி அரிசியே அதைவிடப் பல மடங்கு கொண்டுவரும். இவ்வளவையும் செல்கள் உடனே எரித்துவிடுவதில்லை. யார் தடுக்கிறார்கள்?

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது நடுமுற்றம் உள்ள பகுதி, அப்புறம் இரண்டாம் கட்டு. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் அது சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாது. ஆனால் இன்னும் வளவில்தான் நிற்கிறது. அங்கிருந்து கிளைக்கோஜனாகச் சேமிப்புக்குப் போகலாம், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய சர்க்கரையாக மாறலாம், எரிவதற்கும் போகலாம். எரியும் வழியின் பெரிய பூட்டு, இரண்டாம் கட்டு வாசலில் நிற்கும் பாஸ்போஃபுரக்டோகைனேஸ். முகப்பு வாசலிலேயே பூட்டினால் மற்ற இரண்டு வேலையும் நின்றுபோகும், அதனால்தான் பூட்டு உள்ளே.

இந்த நொதியிடம் எனக்கு ரொம்பப் பிடித்த வினோதம் ஒன்று உண்டு. வேலை செய்ய அதற்கு ஏ.டி.பி. வேண்டும், அதாவது செல்லின் சக்தி நாணயமான மூன்று-பாஸ்பேட் மூலக்கூறு. அதே ஏ.டி.பி. அதிகமானால் வேலையை நிறுத்தும். ஏ.டி.பி. உட்கார அதில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. வேலைக்கான இடம் கொஞ்சம் ஏ.டி.பி.யிலேயே நிரம்பிவிடும். இன்னொன்று தாராளமாக இருந்தால்தான் நிரம்பும். நிரம்பியதும் நொதியின் உருவம் மாறி, பிடி தளர்ந்துவிடும். வீட்டில் பணம் இருக்கிறதா என்று கல்லாவையே கேட்பது போல.

பூட்டைத் திறப்பது ஏ.எம்.பி., அதாவது ஒரே பாஸ்பேட் மிஞ்சிய வடிவம். ஏ.டி.பி. செலவாகி, ஒரு பாஸ்பேட்டை இழந்த இரண்டு-பாஸ்பேட் வடிவம் சேர்ந்தால், அதில் இரண்டை இணைத்துச் செல் ஒரு ஏ.டி.பி.யை மீட்கும், மிச்சம் ஒரு ஏ.எம்.பி. செல்லில் ஏ.எம்.பி. மிகக் குறைவாகவே இருப்பதால், ஏ.டி.பி. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஏ.எம்.பி. பல மடங்கு ஏறிவிடும். சின்னக் குறைவைப் பெரிய சத்தமாக்கும் மணி அது.

ஈரலில் இன்னொரு சாவியும் உண்டு. 1980-ல் கண்டுபிடித்த ஃபுரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட். சாப்பிட்டபின் இன்சுலின் அதை ஏற்றும், பூட்டு திறக்கும். பசி நேரத்தில் குளுக்ககான் என்ற ஹார்மோன் இறக்கிவிடும். அப்போது ஈரல் குளுக்கோஸை எரிப்பதை விட்டுவிட்டு ரத்தத்துக்கு அனுப்புகிறது.

தசைகளிடம் அந்தத் தாராளம் கிடையாது. ஈரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் என்றால் தசைகளில் 400 கிராம்வரை இருக்கும். ஆனால் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி தசையில் இல்லை. ஒரே வளவில் இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி உலை வைத்த வீடுகளைப் போல, தசை தன் சேமிப்பைத் தானேதான் எரித்துக்கொள்ளும். அதனால் மறுநாள் விடிகாலை, காபி வருவதற்குமுன், மூளைக்குக் குளுக்கோஸ் அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஈரல்தான்.