கூரையில் வெளிச்சம், குளிர்ப்பெட்டிக்குக் கதவு

பெரிய அங்காடி ஒன்று பசுமைக் கட்டடமாக மாறியது என்றால், கூரையில் சோலார் பலகை ஏறியிருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் முதலில் அடக்க வேண்டிய செலவு உள்ளே இருக்கிறது. மளிகை விற்கும் பெரிய கடையின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் குளிர்ப்பெட்டிகளே விழுங்குகின்றன. மீதியில் பெரும்பகுதி விளக்குக்கும் ஏசிக்கும் போகிறது.

அமெரிக்கப் பேரங்காடி நிறுவனமான வால்மார்ட் 1993இல் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு சோதனைக் கடையைத் திறந்தது. செலவுக்கு அஞ்சிக் கூரையின் பாதியில் மட்டும், பகல் வெளிச்சத்தை உள்ளே விடும் ஸ்கைலைட் வைத்தார்கள். 2005இல் டெக்சாஸின் மெக்கின்னியிலும் கொலராடோவின் அரோராவிலும் சோதனை இன்னும் விரிந்தது. பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயையும் வண்டிகளின் பழைய எஞ்சின் ஆயிலையும் எரித்து அரோரா கடையைச் சூடாக்கினார்கள்.

ஸ்கைலைட் மட்டும் வைத்தால் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. வெளிச்சம் ஏற ஏற விளக்கு தானாக மங்க வேண்டும். பொதுவாகக் கூரைப் பரப்பில் 3 முதல் 5 சதவீதம் திறந்தால் போதும். மேலே போனால் வெயிலின் சூட்டை இறக்க ஏசி கூடுதலாக ஓடும். வெளிச்சத்தை அளந்து விளக்கை மங்கச்செய்யும் சென்சார்தான் அடிக்கடி சொதப்பும் இடம். விளக்கின் ஒளியையே அது பார்க்கும்படி மாட்டி, அதற்கேற்ப அளவு திருத்தாமல் விட்டால், விளக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேகம் கடக்கும்போதெல்லாம் விளக்கு துள்ளாமலிருக்க, மாற்றம் சில நிமிடங்களில் மெல்ல நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிச்சலில் ஊழியரே சென்சாரை அணைத்துவிடுவார். சேமிப்பு அன்றோடு சரி.

குளிர்ப்பெட்டிக்கு வருவோம். பால், தயிர் அடுக்கும் திறந்த பெட்டியின் முன்னால் குளிர்காற்று திரைபோல் இறங்குகிறது. அதையும் மீறிக் கடையின் ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. பெட்டி வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில், அதாவது குளிர்ச்சுமையில், முக்கால் பங்கு இதனால்தான். கண்ணாடிக் கதவு போட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் திறந்த பெட்டிகள் இதுவரை கடையையும் குளிர்வித்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டிருந்தன. கதவு வந்ததும் அந்த வேலை ஏசியின் தலையில் விழும். ஈரத்தை அது சமாளிக்காவிட்டால் கண்ணாடி வியர்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. அதற்காகக் கதவுச் சட்டத்தில் ஹீட்டரை நாள் முழுக்க எரியவிடுவது வீண். காற்றின் ஈரத்தை அளந்து தேவைப்படும்போது மட்டும் இயக்க வேண்டும்.

அடுத்தது, பெட்டிகளைக் குளிர்விக்கக் குழாய்க்குள் ஓடும் வாயு. பல கடைகளில் இருக்கும் ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 3.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நீண்ட குழாய்கள், எண்ணற்ற இணைப்புகள். அமெரிக்கக் கடைகளில் ஆண்டுக்குச் சராசரியாக வாயுவில் கால்பங்கு கசிவதாக மதிப்பிடுகிறார்கள்.

மாற்று, கார்பன் டை ஆக்சைடேதான். சிக்கல் என்னவென்றால், 31 டிகிரிக்கு மேல் அது எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சென்னை வெயிலில் 90–100 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 90–100 மடங்கு அழுத்தத்தில் ஓடும், மின்செலவும் ஏறும். அழுத்தம் இறங்கும்போது வீணாகும் ஆற்றலை எஜெக்டர் என்ற கருவி கொண்டு மீட்டு இந்த இழப்பைக் குறைக்கிறார்கள். மின்சாரம் போய் இயந்திரம் நின்றால் வாயு சூடேறி அழுத்தம் எகிறும். பாதுகாப்பு வால்வு திறந்து வாயு முழுதும் வெளியேறலாம். ஆகவே திரவமான கார்பன் டை ஆக்சைடு இருக்கும் தொட்டியை மட்டும் குளிர்வித்து வைக்க, ஜெனரேட்டரில் ஓடும் சிறிய துணை இயந்திரம் ஒன்று தேவை.