கறுப்பு வெள்ளைதானே என்று வாங்குகிறவர்களுக்கு

சென்ற வாரம் ஒரு தம்பதியினர் பெரிய பிரேம் ஒன்றைப் போர்வையில் சுற்றி என் பணியறைக்குத் தூக்கிவந்தார்கள். கரிக்கோலால் வரைந்த ஒரு மூதாட்டியின் முகம். வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. முகம் வெளிறிக்கொண்டே போகிறது என்றும், கண்ணாடியின் உட்புறத்தில் எப்படியோ அழுக்குப் படிந்துவிட்டது என்றும், பிரேமைத் திறந்து அந்த அழுக்கை மட்டும் துடைத்துக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். அழுக்கு என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டியது அந்த மூதாட்டியின் இடது கன்னத்து நிழலும் கூந்தலில் பாதியும். கண்ணாடி என்று அவர்கள் நினைத்திருந்தது அக்ரிலிக் தகடு. அதை வாரந்தோறும் உலர்ந்த துணியால் சிரத்தையோடு துடைத்துவந்திருக்கிறார்கள். துடைக்கத் துடைக்கத் தகட்டில் நிலைமின்சாரம் ஏறியிருக்கிறது. தாளில் ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்த கரித்தூள் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பித் தகட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

வாங்கும்போது இது எதனால் வரைந்த படம் என்று விற்றவரிடம் கேட்டீர்களா என்றேன். "கறுப்பு வெள்ளைதானே, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் கணவர். தாளில் அமைந்த கலைப்படைப்புகளையும் பழைய புகைப்படங்களையும் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

வண்ணப்படம் வாங்குகிறவர்கள் எவ்வளவோ எச்சரிக்கையாக இருக்கிறார்கள். வெயில் படும் சுவரா, சாயம் வெளுக்குமா, எத்தனை ஆண்டு தாங்கும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்றதும் அந்த எச்சரிக்கை எங்கோ பறந்துவிடுகிறது. வெளுப்பதற்கு அதில் நிறமே இல்லையே என்று எண்ணிக்கொள்கிறார்கள். தாளின்மேல் தெரியும் கறுப்பு ஒரு பொருள். அந்தப் பொருள் படத்துக்குப் படம் வேறு. ஒரே சுவரில் அடுத்தடுத்துத் தொங்கும் நான்கு படங்களில் ஒன்றின் கறுப்பு வெள்ளி உலோகமாக இருக்கலாம், அடுத்தது பிளாட்டினமாக, மூன்றாவது வெறும் கரியாக, நான்காவது இங்க்ஜெட் இயந்திரம் துப்பிய மையாக இருக்கலாம். எட்ட நின்று பார்த்தால் நான்கும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் ஆயுளும் நோயும் பத்தியமும் நான்குக்கும் வெவ்வேறு. போலி எது, மறுபதிப்பு எது, விலைக்குத் தகுந்தது எது என்பதும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தெரியவரும். எனவே, இந்தக் கறுப்பு எதனால் ஆனது என்று கேட்டு, நேரான ஒரு பதிலைப் பெறாமல் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற விற்பனையாளரும் உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறார்.

முதலில் வெள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருட்டறைகள் மூடப்பட்ட காலம்வரை போடப்பட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் நாம் பார்க்கும் கறுப்பு, தாளின்மேல் பூசிய ஜெலட்டின் என்ற பசைப் படலத்துக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களே. வீட்டிலுள்ள வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு, வெள்ளி சும்மா இருக்கும் உலோகமில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் ஹைப்போ என்ற வேதிப்பொருளைச் சரியாகக் கழுவி நீக்காத பிரிண்ட் சில ஆண்டுகளிலேயே மஞ்சளும் பழுப்புமாக மாறும். ஈரமும் மாசடைந்த காற்றும் பட்ட பிரிண்டில், அடர்ந்த நிழல் பகுதிகளின் ஓரமாக நீலம் பூத்த கண்ணாடிப் பளபளப்பு ஒன்று ஏறியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, படத்தைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்று தெரியும். துகளிலிருந்து கரைந்து மேலேறிய வெள்ளி மீண்டும் உலோகமாகப் படிவதால் வருவது அது. ஓரளவு பூத்திருந்தால் வயதின் அடையாளம் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் படத்தைக் கடைக்காரர் எப்போதும் நேராகவே பிடித்துக் காட்டுகிறார் என்றால், நீங்கள் சாய்த்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பூசிய தாளில் போட்ட பிரிண்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தாள் வந்தபோது, சீக்கிரம் கழுவலாம், சீக்கிரம் உலர்த்தலாம் என்று எல்லோரும் வரவேற்றார்கள். ஆரம்பகாலத் தாள்களில், பூச்சுக்குள் வெண்மைக்காகக் கலந்த டைட்டானியம் டையாக்சைடு வெளிச்சத்தில் வினைபுரிந்து, பூச்சிலும் விரிசல் விழச் செய்து வெள்ளியையும் அரித்தது. பிரேமுக்குள் பத்திரமாக மூடிவைத்தவைதான் அதிகம் பழுதாயின என்பது வேடிக்கை. கிளம்பிய ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. கறுப்பு வெள்ளை மங்காது என்று சொல்லுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. பின்னாளில் இந்தத் தாளைத் திருத்தினார்கள். ஆயினும் நெடுங்காலம் வைத்திருக்க வாங்குகிறவர் பிளாஸ்டிக் பூச்சில்லாத நாரிழைத் தாளில் போட்ட பிரிண்டைக் கேட்பதே நல்லது. செலினியமோ தங்கமோ கலந்த கரைசலில் நனைத்து எடுக்கும் டோனிங் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். வெள்ளிக்கு அது ஒரு கவசம்.

பிளாட்டினம் பிரிண்டில் ஜெலட்டின் கிடையாது. உலோகம் தாளின் இழைகளிலேயே ஊறியிருப்பதால், மேற்பரப்பு பளபளப்பின்றி, சாம்பல் நிறம் எத்தனை படிகளில் இறங்குகிறது என்று எண்ண முடியாதபடி மென்மையாக இருக்கும். 1873இல் காப்புரிமை பெற்ற முறை. அதன் உருவம் மங்குவதில்லை. ஆனால் அது தாங்கியிருக்கும் தாளும், எதிரே பட்டுக்கொண்டிருக்கும் தாளும் நாளடைவில் பழுக்கும். பழைய ஆல்பத்தில் எதிர்ப்பக்கத்தில் அதே உருவம் மங்கலான பழுப்பு நிழலாகப் பதிந்திருந்தால், அது பிளாட்டினம் என்பதற்கு நல்ல சான்று. அந்த எதிர்ப்பக்கத்தைத் தயவுசெய்து கிழித்தெறியாதீர்கள்.

கோட்டோவியங்களில் குழப்பம் இன்னும் அதிகம். கரியும் பென்சிலும் சீன மையும் கார்பன். வெளிச்சத்துக்கு அவை அஞ்சுவதில்லை. கரிக்குப் பகை உராய்வும் நிலைமின்சாரமும். இரும்பு உப்பையும் துவர்ப்புச் சாற்றையும் சேர்த்துச் செய்த பழைய எழுது மையோ, கறுப்பாகத் தொடங்கிப் பழுப்பாக மாறுவதோடு நில்லாமல், கோடு போன வழியிலேயே தாளை அரித்து ஓட்டை போட்டுவிடும். பால்பாயிண்ட் பேனாவிலும் ஸ்கெட்ச் பேனாவிலும் வரைந்த பல படங்களின் கறுப்பு வெறும் சாயம். அவை ஜன்னலோரச் சுவரில் சில கோடைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. இளம் ஓவியர்கள் கைக்கு வந்த பேனாவால் வரைவதில் எனக்குக் குறையில்லை. வாங்குகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போது, அசலா அச்சா என்ற கேள்விக்கு வருகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், சட்டைப்பையில் அடங்கும். வெள்ளிப் பிரிண்டில் சாம்பல் நிறம் புள்ளியில்லாமல் தொடர்ந்து ஓடும், மிஞ்சினால் பிலிமின் பொடிமணிகள் ஒழுங்கின்றித் தெரியும். பத்திரிகை அச்சு போன்றது என்றால் வரிசை தப்பாத புள்ளிகள் தெரியும். இங்க்ஜெட் என்றால் சிதறிய துளிகள், பெரும்பாலும் வெளுத்த பகுதிகளில், சிலசமயம் கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ளேயே நீலமும் சிவப்புமாகத் தெரியும். பென்சில் படமென்றால் சாய்ந்த ஒளியில் கிராபைட் ஈயம் போல மினுங்கும், அழுத்திய கோடு தாளில் பள்ளமாகத் தெரியும்; கரி தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டியிருக்கும். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பென்சில் ஓவியத்தில் மினுங்கியது கீழே எழுதியிருந்த கையெழுத்தும் எண்ணும் மட்டுமே. மேலே இருந்த முகம் முழுவதும் அச்சுத் துளிகள். கையெழுத்து உண்மையானது, ஆகவே அவரை யாரும் ஏமாற்றவில்லை என்றே விற்றவர் வாதிடலாம்.

இங்க்ஜெட் பிரிண்ட் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நல்ல பருத்தித் தாளில் சாய மையால் அல்லாமல் நிறத்தூள் கலந்த நிறமி மையால் போட்ட பிரிண்ட், அரைகுறையாகக் கழுவிய வெள்ளிப் பிரிண்டைவிட நெடுங்காலம் நிற்கும். ஆனால் ஜிக்ளே என்ற பிரெஞ்சுச் சாயல் கொண்ட பெயர் 1991இல் இங்க்ஜெட்டுக்குச் சூட்டிய பெயர்தான் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

மொத்தம் இத்தனையில் இது இத்தனையாவது என்று எண்ணிட்ட பிரதி என்பதை ஒரு வேதவாக்காக நினைப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதி, கலைஞரே எடுத்து, அவராலோ அவர் மேற்பார்வையிலோ பிரிண்ட் போடப்பட்டு, கையெழுத்தும் எண்ணும் இட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரதிகளுக்கு மிகாத புகைப்படத்தையே கலைப்படைப்பாகக் கொள்கிறது. "எல்லா அளவுகளையும் சேர்த்து" என்ற சொற்களைக் கவனியுங்கள். சிறிய அளவில் 10, நடு அளவில் 10, பெரிய அளவில் 10, பிறகு கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் 'கலைஞர் பிரதி' என்று தனியாகச் சில என விற்பவர்களிடம், மொத்தம் எத்தனை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மறுபுறம், எண் இல்லை என்பதாலேயே ஒரு படத்தை ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின்மேல் எழும் நிலவை எடுத்த நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வெளிறிய வானம், பிற்காலத்தில் ஏறக்குறைய முழுக்கறுப்பு. நெகட்டிவ் ஒன்றுதான், உங்கள் கையில் இருப்பது எந்த ஆண்டின் பிரிண்ட் என்பதே கேள்வி. அவரே போட்ட பிரிண்டா என்று மட்டும் கேட்பதும் போதாது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் பிரிண்டுகளை ஆய்வகத்தாரிடம் ஒப்படைத்தவர். பிற்காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துப் பென்சிலை எடுத்துக்கொண்டதும் அவரே.

ஆண்டைப் பொய்யாகச் சொல்வதுதான் பெரிய இடங்களிலேயே நடந்த மோசடி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1940இல் காலமானார். அவர் காலத்துப் பிரிண்டுகள் என்று விற்கப்பட்ட சில, 1990களின் இறுதியில் சோதிக்கப்பட்டபோது புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தன. தாளை வெண்மையாகக் காட்டக் கலக்கும் அந்த ஒளிர்வேதிப்பொருள் புகைப்படத் தாள்களில் 1950களில்தான் பரவலாயிற்று. இறந்தவர் எழுந்துவந்து பிரிண்ட் போட்டிருந்தாலன்றி அது நடக்காது. ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிற்காலத்திலும் அது கலக்காத தாள்கள் இருந்தன. கோட்டோவியத்துக்கும் இதே போலத் தாளே சாட்சி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் தடம் தெரியாத, சமமான பரப்புள்ள தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. அத்தகைய தாளில் இருக்கும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். முத்திரை, பென்சில் குறிப்பு, தாள் நிறுவனத்தின் பெயர், பழைய பசைத் தடம் எல்லாம் அங்கே இருக்கும். பிரேமைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அட்டையோடு முழுப் பரப்பும் ஒட்டப்பட்ட படம் என்றால், பின்புறச் சாட்சியம் முழுவதும் அந்தப் பசைக்குள் போய்விட்டது என்று கொண்டு விலை பேசுங்கள். ஜன்னல் போல வெட்டிய மவுண்ட் அட்டையின் உள்விளிம்பு பழுப்பேறியிருந்தால் அது அமில அட்டை. படத்தையும் அதே நிறத்துக்குக் கொண்டுவரும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் இடைவெளி வேண்டும், ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் என்னாலும் பிரிக்க முடியாது. கரியாலோ சாக்பீஸ் போன்ற சுண்ணக்கோலாலோ வரைந்த படத்துக்குச் சாதாரண அக்ரிலிக் கூடவே கூடாது, கண்ணாடியே போடுங்கள். புதிதாக வண்ணம் அடித்த அறையில் வெள்ளிப் பிரிண்டை உடனே மாட்டாதீர்கள். சில வாரம் பொறுங்கள். அருங்காட்சியகங்கள் கோட்டோவியங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) என்று மங்கிய வெளிச்சம் வைப்பது கஞ்சத்தனத்தால் அன்று, தாளையும் சாயத்தையும் வெளிச்சம் கெடுக்கும் என்பதால். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும் சுவரில் பூஞ்சை வரும். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் பெயர் எழுதாதீர்கள். மெல்லிய பென்சில் போதும். செல்லோ டேப்பைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அந்த மூதாட்டியின் படத்துக்கு வருகிறேன். தகட்டில் ஒட்டிய கரியை எடுத்து மறுபடி கன்னத்தில் வைக்க யாராலும் ஆகாது. நான் மேலே தீட்டிச் சரிசெய்தால் அது என் ஓவியமாகிவிடும். வரைந்தவர் இன்னும் இருக்கிறார் என்பதால் அவரிடம் காட்டச் சொன்னேன். தகட்டை மட்டும் துடைக்காமல் தனியே காகிதத்தில் பொதிந்து கொடுத்தேன், அவர் எங்கே எவ்வளவு அழுத்தி வரைந்தார் என்பதற்கு இப்போது அதுதான் மிச்சமிருக்கும் குறிப்பு.