வரைவு விதி வந்தால் 60 நாள்: கம்பெனிகள் எழுதுகின்றன, நீங்களும் எழுதலாம்

கேரி பேக் எத்தனை மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆனால் 2021-இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் மாதம் அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. அதன்படி அந்த வருடம் செப்டம்பர் 30 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாது. ஆகஸ்ட் 12 அன்று இறுதி விதி வந்தது. அதில் செப்டம்பர் 30-க்கு 75 மைக்ரான் போதும், 120 மைக்ரான் 2022 டிசம்பர் 31 முதல்தான் என்று இருந்தது. பதினைந்து மாதம் தள்ளிப்போனது. காது குடையும் பட்ஸ், பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, அலங்காரத் தெர்மாகோல் ஆகியவற்றுக்கு வரைவில் 2022 ஜனவரி 1 முதல் தடை. இறுதி விதியில் அவையும் தட்டு, டம்ளர், ஸ்ட்ராவோடு சேர்ந்து ஜூலை 1-க்குப் போய்விட்டன.

நடுவில் இருந்த அந்த ஐந்து மாதத்தில் என்ன நடக்கிறது, யார் பேசுகிறார்கள், அதில் நமக்கு என்ன உரிமை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கம்பெனிகள் அரசிடம் லாபி செய்கின்றன என்றால் பெட்டி நிறையப் பணம் கைமாறுவதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடந்தால் அது லஞ்சம், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. லாபி என்பது பெரும்பாலும் கடிதம், கூட்டம், மனு. பார்க்க ரொம்பச் சாதுவாக இருக்கும்.

சட்டமும் விதியும்

பிளாஸ்டிக் பற்றி நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. 1986-ஆம் வருட சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் கொடுக்கும் அதிகாரத்தில் அமைச்சகமே விதி எழுதுகிறது. இப்போது இருப்பவை 2016 மார்ச் 18 அன்று வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், அதற்கு மேல் பல திருத்தங்கள். விதியைப் பிறகு நாடாளுமன்றத்தின் முன் வைப்பார்கள். மைக்ரான் கணக்கு அங்கே அவ்வளவாகப் பேசுபொருள் ஆவதில்லை.

ஆகவே, உண்மையான விவாதம் நடக்கும் இடம் வரைவுதான். அரசிதழில் வரைவை வெளியிட்டு, "60 நாளுக்குள் ஆட்சேபணையோ யோசனையோ இருந்தால் எழுத்தில் அனுப்பலாம்" என்று போடுவார்கள். முகவரியும் மின்னஞ்சலும் அதிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கம்பெனி நடத்த வேண்டியதில்லை, விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. வந்தவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி விதி. பொதுநலன் கருதி வரைவுக் கட்டத்தையே தாண்டிப்போகவும் அரசுக்கு இடம் இருக்கிறது, அதையும் மறந்துவிடக் கூடாது.

2014-இல் மத்திய அரசு ஒரு பொதுக் கொள்கையும் வகுத்தது. எந்தச் சட்டம், விதி கொண்டுவந்தாலும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் தளத்தில் போட வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை.

கம்பெனிகளுக்கு வேறு வாசல்களும் உண்டு

அறுபது நாள் வாசல் எல்லோருக்கும் பொது. அகில இந்திய பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கம், இந்திய கெமிக்கல் கவுன்சில், சிஐஐ, ஃபிக்கி போன்ற தொழில் அமைப்புகள் அதைத் தவற விடுவதில்லை. அரசிதழைப் பார்ப்பதும் அரசுக்கு எழுதுவதும் அங்கே அன்றாட வேலை. நமக்கு வரைவு வந்த செய்தியே பெரும்பாலும் கெடு முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

இன்னொரு வாசல் நம் கண்ணுக்குத் தெரியாது. மத்திய இரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தில் இரசாயனம், பெட்ரோ இரசாயனத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அந்தத் தொழிலை வளர்ப்பது அதன் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விதி இறுதியாகும் முன் அமைச்சகங்கள் ஒன்றையொன்று கலந்துகொள்ளும். கம்பெனி இந்தத் துறைக்குச் சொன்ன குறை, கோப்பில் ஏறும்போது ஒரு அரசுத் துறையின் கருத்தாக ஏறும். கம்பெனிக் கடிதம் என்றால் அதிகாரி சந்தேகக் கண்ணோடு படிப்பார், சக அமைச்சகத்தின் கடிதத்தை அப்படிப் படிக்க முடியுமா?

சில சமயம் அரசே முதலாளி. எண்டோசல்ஃபான் நினைவிருக்கும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் தெளித்த பூச்சிமருந்து. அதைத் தயாரித்தவற்றில் ஒன்று மத்திய அரசின் சொந்த நிறுவனமான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ். நச்சு இரசாயனங்களைத் தடுக்கும் உலக உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பேச்சுகளில் அந்த மருந்துக்கான உலகத் தடையை இந்தியா நெடுநாள் எதிர்த்து நின்றது. கடைசியில் 2011-இல் உலகத் தடைக்கு முடிவாகி, மே 13 அன்று உச்ச நீதிமன்றம் இங்கேயும் நிறுத்தியது. வெளியிலிருந்து யாரும் லாபி செய்யத் தேவையே இல்லாத நிலை அது.

ஒரு வாக்கியம் மாறிய கதை

என்னைக் கேட்டால் தேதி தள்ளிப்போவது சின்ன விஷயம், தள்ளினாலும் ஒரு நாள் வந்துவிடும். சொல் மாறுவதுதான் பெரிது.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை இவையெல்லாம் பல அடுக்கு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாது, அதனால் பழைய பேப்பர்க்காரர்கூட வாங்க மாட்டார். 2016 விதிகளின் 9(3) இதைப் பற்றி நேராகவே சொன்னது: மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கின் தயாரிப்பையும் பயன்பாட்டையும் இரண்டு வருடத்தில் படிப்படியாக நிறுத்த வேண்டும். கணக்குப்படி கெடு 2018 மார்ச் 18.

2018 மார்ச் 27 அன்று, கெடு தாண்டி ஒன்பதாவது நாள், திருத்தம் வந்தது. "மறுசுழற்சி செய்ய முடியாத" என்ற இடத்தில் "மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரிசக்தி எடுக்க முடியாத, அல்லது வேறு எந்தப் பயனும் இல்லாத" என்று ஆனது. எழுத்துக்கு எழுத்து படித்தால் "அல்லது" போட்டதால் தடை இன்னும் விரிந்ததாகக்கூடத் தோன்றும். நடைமுறையில் கதவு எதிர்ப்பக்கம் திறந்தது. எரித்தால் சூடு வராத பிளாஸ்டிக் ஏது? சிமென்ட் ஆலைச் சூளையில் போட்டால் எரிசக்தி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில் தார்ச்சாலை போட்டால் அது வேறு பயன். அந்த முறை நல்ல முறைதான், அதற்காக அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் குப்பையை என்ன செய்வது என்பதற்குக் கிடைத்த ஒரு விடை, குப்பையை உண்டாக்காதே என்ற விதியிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது. பெட்டிக்கடையில் சிப்ஸ் சரம் இன்னும் தொங்குகிறது, பார்க்கிறோம்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் போயிற்று. கேரி பேக் கொடுக்க விரும்பும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000 ரூபாயாவது கட்ட வேண்டும் என்ற விதி 15 நீக்கப்பட்டது.

இருபத்தேழில் மூன்று

பூச்சிமருந்து இதைவிடக் கசப்பான கதை. அது வேறு சட்டம், 1968-ஆம் வருட பூச்சிக்கொல்லிகள் சட்டம், பொறுப்பு வேளாண் அமைச்சகம். ஆனால் வரைவு, ஆட்சேபணை, இறுதி ஆணை என்ற வழி ஒன்றுதான். மற்ற நாடுகளில் தடை செய்யப்பட்டும் இங்கே விற்கும் 66 மருந்துகளை மத்திய அரசு அமைத்த அனுபம் வர்மா குழு ஆராய்ந்தது. 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2020 மே மாதம் இன்னும் 27 மருந்துகளைத் தடை செய்வதாக வரைவு வந்தது. ஆட்சேபணைக்கு முதலில் 45 நாள், பிறகு அது 90 நாள் ஆனது. தயாரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்: விலை குறைந்த மருந்து போனால் விவசாயிக்குச் செலவு கூடும், ஏற்றுமதி படுத்துவிடும் என்றார்கள். 2021-இல் மறுபடி ஒரு குழு. 2023-இல் அந்த 27-இல் முழுமையாகத் தடையானவை டைகோஃபால், டைனோகேப், மெத்தோமில் என்ற மூன்று. 27 எப்படி மூன்று ஆனது என்று உச்ச நீதிமன்றமே அந்த வருடம் மார்ச்சில் மத்திய அரசைக் கேட்டது.

அந்த 27 பட்டியலில் மோனோகுரோட்டோபாஸும் இருந்தது. தற்கொலைகளைக் குறைக்க, அது உட்பட ஆறு மருந்துகளின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 2023-இல் 60 நாளுக்குத் தடுத்தது. பூச்சிமருந்தை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பதால்தான் அந்த 60 நாள்.

எப்போதும் ஜெயிப்பதில்லை

கம்பெனி கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 2022 ஜூலை 1 தடையில் ஸ்ட்ராவும் இருந்தது. பத்து ரூபாய் ஜூஸ் டெட்ரா பேக்கின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்ட்ரா. அமுல், பார்லே ஆக்ரோ, டாபர் ஆகியவை அவகாசம் கேட்டன. காகித ஸ்ட்ரா உள்நாட்டில் போதவில்லை, இறக்குமதி செய்தால் விலை கட்டாது என்றன. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அரசு தேதியை மாற்றவில்லை. காகித ஸ்ட்ரா வந்தது, பாதி குடிப்பதற்குள் நைந்துபோகிறது என்ற புகாரும் கூடவே வந்தது.

தமிழ்நாட்டில் 2018 ஜூன் அரசாணை எண் 84 மூலம் 14 பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரி பேக் என்றால் இங்கே மைக்ரான் கணக்கே கிடையாது, எந்தத் தடிமனிலும் கூடாது. தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் பாக்கெட்டுக்கு விலக்கு, எங்களுக்கு மட்டும் தடையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். 2020 ஜூனில் அந்த விலக்கை நீக்கி அரசாணை வந்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடைப் பட்டியலில் இருந்ததால், பேப்பர் கப் தயாரிப்பாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபரில் கப் விஷயத்தில் தோற்றது. துணி மாதிரி இருக்கும் நெய்யாத பைகளுக்கு மட்டும், மத்திய விதி மாறியிருப்பதைக் கணக்கில் எடுத்து மீண்டும் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

நீங்கள் செய்யக்கூடியது

அமெரிக்காவில் லாபி செய்பவர்கள் யாருக்காக, எதற்காக, எவ்வளவு செலவழித்தார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவேடு உண்டு. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. 2013-இல் கலிகேஷ் சிங் தேவ் என்ற ஒடிசா எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

அதனால் கையில் இருப்பது இரண்டு. முதலாவது ஆட்சேபணை. அமைச்சகத் தளத்திலும் அரசிதழின் இ-கெசட் தளத்திலும் வரைவு வரும், இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, அரசு அதை எதிர்த்து மேலே போனது. வரைவு தமிழில் வராவிட்டாலும் நீங்கள் தமிழில் எழுதலாம். குறையைச் சொல்லும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது, கடிதத்தின் முதல் வரியில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். அப்புறம், "பிளாஸ்டிக் கெடுதல், தடை செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. சங்கங்கள் எழுதுவது போல எழுதுங்கள்: இந்த விதியில் இந்த வரி, இதை இப்படி மாற்றுங்கள், காரணம் இது. உங்கள் தெருச் சாக்கடை அடைத்ததும் காரணம்தான். ஒரு பக்கம் போதும்.

இரண்டாவது தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், மத்திய அமைச்சகங்களுக்கு இணையத்திலேயே போடலாம். கொள்கை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4(1)(சி) சொல்கிறது, வெளியிடாததைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். வரைவுக்கு வந்த ஆட்சேபணைகளின் பட்டியல், சங்கங்களும் பிற அமைச்சகங்களும் எழுதிய கடித நகல்கள், கூட்டங்களில் யார் கலந்துகொண்டார்கள், எதை ஏன் ஏற்றார்கள் என்ற கோப்புக் குறிப்பு, இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். கம்பெனியைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டியதாக இருந்தால் 40 நாள். வணிக ரகசியம் என்று 8(1)(டி) காட்டி மறுத்தால், ரகசியமான வரிகளை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 10-ஆம் பிரிவைக் காட்டலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஆட்சேபணை அனுப்பிய மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தை என்ன செய்தார்கள் என்று பிறகு கேட்கும்போது அந்தத் தேதி வேண்டும்.